ஒன்பதாம் பக்கம்

ஈசூனில், 417ஆம் புளோக்கின் கீழ்த்தளத்தில்
சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையைச் சுற்றி
முதலில் நான்கு பேர்தான்.
நான் ஐந்தாவது.
வளர்ச்சி என்று இப்போது எல்லாரும் சொல்வது
என்னிலிருந்துதான் தொடங்கியது.

சூசைநாதனின் கப்பி மீன்கள்
ஒரே இரவில் செத்திருந்தன.
ஊறுகாய்ப் போத்தலில் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவந்து
மேசை நடுவே வைத்திருந்தார்.
அரிசி கழுவிய நீர்போல் இருந்தது.
ஏன் கலங்கியது?
குளோரின் என்றார் ஒருவர்.
தீனி அதிகம் என்றார் ஜுபைதா,
பிறகு அவரே இல்லை என்றார்.
கோப்பி ஆறி ஏடு கட்டியது.
கடைசிப் பேருந்தும் போய்விட்டது.
ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.
அப்படியொரு ஞாயிறு
அதற்குமுன் எனக்கு வாய்த்ததில்லை.

மறுவாரம் ஒரு நோட்டு வாங்கினேன்,
பேசியதையெல்லாம் எழுதிவைத்தால்
அடுத்து வருகிறவருக்கு உதவுமே என்று.

வந்தார்கள்.
பதினொன்று. முப்பது.
பிளாஸ்டிக் நாற்காலி இரவல் கேட்டுக்
குடியிருப்பாளர் குழுவுக்குக் கடிதம் எழுத ஒரு செயலாளர்.
செயலாளர் இருக்கும்போது தலைவர் இல்லாமலா?
மீன் விற்கக்கூடாது என்றொரு விதி, ஒருவர் விற்றதால்.
சத்தம் கூடாது என்றொரு விதி, இரண்டாம் மாடிப் புகாரால்.
இளவழுதிக்காகவே ஒரு விதி.
அவர் வீட்டில் தொட்டியே கிடையாது;
அடுத்தவர் சொல்வது தப்பு என்று சொல்லத்
தெம்பனிசிலிருந்து அத்தனை தூரம் வருவார்.
அவர் வராத வாரம் சப்பென்றிருந்தது, அதுவும் உண்மை.

ஒரு மாலை முழுக்க விதிகளைப் பற்றிப் பேசினோம்.
மீன் என்ற சொல் ஒருமுறைகூட வரவில்லை.
ஜுபைதா மட்டும் அதைக் கவனித்திருந்தார்.
சண்டையில்லை, சொல்லிக்கொள்ளவுமில்லை,
அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை.
அதற்கடுத்ததும்.
மூன்று மாதம் கழித்து யாரோ கேட்டார்கள்,
ஜுபைதா எங்கே என்று.
பாதிப் பேர் திருப்பிக் கேட்டார்கள்,
யார் ஜுபைதா?

கூட்டத்துக்கு வயதாகிவிட்டது.
பழைய வேடிக்கைகள் எதையும்
முழுதாய்ச் சொல்லத் தேவையில்லை.
'சூசையின் போத்தல்' என்றால் போதும்,
முன்வரிசை குலுங்கும்.
புதியவர்கள் சற்றுத் தாமதமாகச் சிரிப்பார்கள்.
அவர்கள் ஏதாவது கேட்டால்
ஐந்தாறு வாய்கள் ஒன்றாய்ச் சொல்லும்:
நோட்டப் பாருங்க. ஒன்பதாம் பக்கம்.

போன ஞாயிறு நிறைமதி என்றொருத்தி வந்தாள்,
தாதிச் சீருடையில், வேலை முடிந்து நேராக.
பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள்.
"தண்ணி ஏன் இப்படிக் கலங்குது?"

ஒன்பதாம் பக்கம் என்றோம்.
நான்தான் முதலில் சொன்னேன்.
நோட்டு எங்கே என்று கேட்டாள்.
யாருக்கும் சட்டென்று தெரியவில்லை.
ஒலிபெருக்கிப் பெட்டிக்கு அடியில் கிடந்தது.
ஈரத்தில் ஒட்டிப்போன தாள்களை
நகத்தால் பிரித்தேன்.
என் கையெழுத்து, நீல மை:
'தண்ணீர் கலங்குவது ஏன்?
யாருக்கும் தெரியவில்லை.
அடுத்த வாரமும் பேசலாம்.'

நிமிர்ந்தபோது அவள் எதிரில் இல்லை.
தூண்களுக்கு அப்பால், தபால்பெட்டிகள் பக்கம்
போத்தலை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தாள்.
கூடவே, பின்வரிசையில் இதுவரை வாய் திறக்காத ஒருவர்,
மின்தூக்கிக்குக் காத்திருந்த பெங் ஹுவாட்,
தலைக்கவசத்தைக் கழற்றாமலே எட்டிப் பார்க்கும்
உணவு விநியோகப் பையன்.
ஒருவர் தலையாட்டினார். ஒருவர் இல்லை என்றார்.
நான்கு பேர்.

எழுந்துவிட்டேன்.
இரண்டடி வைத்தும்விட்டேன்.
கையில் நோட்டு.

அதை நாற்காலியில் வைத்துவிட்டுப் போயிருக்கலாம்தான்.
ஆனால் பத்து மணிக்குள் நாற்காலிகளைத் திருப்ப வேண்டும்.
நாற்பத்திரண்டையும் எண்ணிக் கையெழுத்து வாங்குவது
என் பொறுப்பு என்று விதியில் இருக்கிறது.
ஏழாவதோ எட்டாவதோ.

எண்ணத் தொடங்கினேன்.
அவர்கள் குரல் கேட்டுக்கொண்டே இருந்ததால்
இரண்டு முறை தப்பாய் எண்ணினேன்.